மேளத்து வீடு

எங்கள் லயத்து ஆயம்மா நிஜமாகச் சாவதற்கு முன்னால் பல தடவை செத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அவராக விரும்பித்தான் செத்தார். செத்த கையோடு அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று வாசலில் நின்று பார்ப்பார். வராதவர்களை வீடு தேடிப்போய் ஏசுவார். தன் சாவுக்கு வராதவனை நேரில் நிற்க வைத்து ஏசுகிற பாக்கியம் எங்களுக்குத் தெரிந்து அவர் ஒருவருக்குத்தான் கிடைத்தது.

எங்களுடையது கலவானைப் பக்கத்தில் ஓர் இறப்பர் தோட்டம். மலையை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் நீளமாக ஒரு லயம். முன்பக்கம் ஒரு வரிசை வீடு, பின்பக்கம் ஒரு வரிசை வீடு, நடுவில் ஒரே சுவர், மேலே ஒரே தகரக் கூரை. ஒரு வீட்டில் பிள்ளை தும்மினால் நாலு வீட்டிலிருந்து "நூறு" என்று குரல் வரும். பின்வரிசை வீடுகளின் அடுப்படிக் குசினிகளுக்கும் மலைக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற இடம்தான் இருந்தது. அந்த மலையில் ஒரு மழைக்காலத்தில் வெடிப்பு விழுந்தது. முதலில் கை நுழைகிற அகலம். அடுத்த மழைக்குக் கால் நுழைந்தது. லயத்தை வேறு இடத்தில் கட்டித்தரச் சொல்லித் தோட்டத்துத் துரையிடம் கேட்டார்கள். துரை வந்து பார்த்தார், தலையை ஆட்டினார், போனார். அவருக்கு அடுத்து வந்த துரையும் அதே இடத்தில் நின்று அதே மாதிரி தலையை ஆட்டினார். என் அப்பா அப்போது தோட்டத் தலைவர், அதாவது தொழிற்சங்கத்துக்கு எங்கள் தோட்டத்து ஆள். யார் வந்தாலும் வெடிப்பைக் காட்ட அப்பாதான் முன்னால் நடப்பார். வெடிப்பு வளர வளர அப்பாவுக்கு மரியாதையும் கொஞ்சம் கூடியது என்பதை நான் மறைக்கப்போவதில்லை.

ஆயம்மாவின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினாலும் எங்கள் தோட்டத்தில் யாருக்கும் விளங்காது. அவர் பிள்ளை மடுவத்து ஆயா. தாய்மார் இறப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் பிள்ளை மடுவம். நாங்கள் எல்லோருமே அங்கே வரிசையாகக் கட்டிய ஏணைகளில் கிடந்து வளர்ந்தவர்கள். காலையில் வந்ததும் ஒவ்வொரு தலையிலும் கை வைத்து, பெயரைச் சொல்லி எண்ணுவார். தூங்க வைத்ததும் மறுபடி எண்ணுவார். தாயிடம் திருப்பிக் கொடுக்கும்போதும் எண்ணுவார். வளர்ந்த பிறகும் எங்களை விட்டுவிடவில்லை. அவரோடு டவுனுக்குப் பஸ்ஸில் போனால், மீசை முளைத்த பையன் என்றாலும், ஏறும்போது ஒருமுறை இறங்கும்போது ஒருமுறை தலையில் கை படும். பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு மாப்பிள்ளையின் தலையில்கூட அப்படிக் கை வைத்தார். அவன் ஆசீர்வாதம் என்று நினைத்துக் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

லயத்துக்கு அவர் போட்ட முதல் சட்டம் பை. ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி, ஆணியில் ஒரு பை. உள்ளே ஐசி என்கிற அடையாள அட்டை, பிறப்புப் பத்திரங்கள், ஆளுக்கு ஒரு மாற்றுத்துணி, சொப்பிங் பேக்கில் சுற்றிய நெருப்புப்பெட்டி, கைக்குழந்தை இருந்தால் கொஞ்சம் பால்மா.

"பெரிய பை ஒன்னும் வேணாம். புள்ளையத் தூக்குன கையில மிச்சமிருக்க வெரலு தூக்கணும். அவ்வளவுதான்" என்பார்.

உண்மையில் அந்தப் பை மழைக்காகப் பிறந்ததல்ல. எண்பத்து மூன்று கலவரத்தில் ஆட்கள் வந்தபோது காட்டுக்குள் ஓடி ஒளிந்தவர்கள் திரும்பி வந்து பார்த்தால், வீட்டோடு சேர்ந்து காகிதங்களும் எரிந்திருந்தன. அதிலிருந்து எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒரு சின்ன மூட்டை எப்போதும் கட்டியபடியே இருக்கும். யாரும் அதைப்பற்றிப் பேசமாட்டார்கள். கட்டிலுக்கு அடியில், பழைய துணிக்குப் பின்னால், வெட்கப்பட்டுக்கொண்டு கிடக்கும். ஆயம்மா அதை இழுத்து வெளியே எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஆணியில் மாட்டினார்.

"ஆளு வந்தாலும் இதுதான், மல வந்தாலும் இதுதான். ரெண்டுக்கும் தனித்தனியா மூட்ட கட்டி வைக்க நமக்கு எடமிருக்கா?"

அப்பா ஒருநாள் கேட்டார். "மண்ணு விழுகிறப்ப ஐசி என்னாத்துக்குங்க ஆயம்மா? மண்ணுகிட்டயா காட்டுறது?"

"மண்ணுக்குள்ளருந்து இழுத்து எடுத்தாலும் மொதல்ல ஐசிதாங்க கேப்பாங்க தலைவரே. இல்லாட்டி, நீ எங்கருந்து வந்தேன்னு ஜீப்புல ஏத்திருவாங்க."

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. இரத்தினபுரிக்குப் போகிற வழியில் பஸ்ஸை நிறுத்தித் தமிழ்ப் பெயர்களை மட்டும் இறக்கி விசாரித்த காலம். அதனால் இந்தப் பகிடிக்கு யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை.

மாதத்துக்கு ஒருமுறை பை சோதனை நடக்கும். துரை பால் மடுவத்தைச் சோதிப்பதுபோல, முன்கூட்டிச் சொல்லாமல் வருவார். புதிதாகக் கல்யாணமான வீட்டில் பைக்குள் பவுடர் டின்னும் கல்யாண அல்பமும் இருந்தன. "ஒனக்குக் கலியாணம் ஆனது ஊருக்கே தெரியும்டி, ஆதாரம் எதுக்கு?" என்று அல்பத்தை எடுத்து வெளியே வைத்தார். வேதக்கார வீட்டில் பைபிள் இருந்தது. கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு, "இது சின்னது, இருக்கட்டும்" என்றார். எங்கள் வீட்டுப் பைக்குள் அப்பா சங்கத்துப் பெரிய தலைவருக்கு மாலை போடுகிற படம், கண்ணாடிச் சட்டத்தோடு இருந்தது. ஆயம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து நன்றாகப் பார்த்தார்.

"இந்தப் படத்துல இருக்கவரு வந்து மண்ணு தோண்டுவாருங்களா?"

அப்பா அதற்குப் பிறகு கொஞ்சநாள் அவரோடு பேசவில்லை. படம் சுவருக்குப் போனது.

அடுத்தது, ஓடு என்பதை எப்படிச் சொல்வது என்கிற பிரச்சினை. மலைக்கு ஒரு பக்கமாகத் தள்ளி, பிள்ளையார் கோயில் இருக்கிற பாறை மேடு உண்டு. அங்கே போய்விட்டால் மண் வராது. ஆனால் ஒரே நேரத்தில் அத்தனை பேரையும் எப்படி அங்கே கிளப்புவது? கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். கங்காணியின் விசிலை ஊதலாம் என்றான் ஒருவன். விசில் சத்தம் கேட்டால் எங்கள் ஆட்கள் போர்வையை இழுத்து மூடுவார்களே தவிர எழும்பமாட்டார்கள், ஏனென்றால் அது வேலைக்குக் கூப்பிடுகிற சத்தம். தகரம் தட்டலாம் என்றால், பன்றி விரட்ட நாளும் தட்டுகிறார்கள். கோயில் மணி என்றால் வேதக்காரர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அதோடு அந்த மணியைப் பிள்ளைகள் விளையாட்டுக்கும் அடிப்பார்கள்.

ஆயம்மா எழுந்து நின்றார். "அடுப்புல சோறு கொதிச்சாலும் அப்புடியே போட்டுட்டு நீங்க ஓடி வர்ற சத்தம் எது? சொல்லுங்க பாப்போம்."

எல்லோருக்கும் தெரியும்.

"சாவு மேளம்" என்று அவரே சொன்னார்.

கூட்டத்தில் பெரிய சத்தம் எழுந்தது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். எங்கள் தோட்டத்தில் தப்பு மேளம் அடிப்பவர் ஒரே ஆள்தான், அவர் ஆயம்மாவின் புருஷன். நாங்கள் மேளக்கார மாமா என்போம். கோயில் திருவிழாவுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி என்று மேளத்தில் எல்லாம் பேசுவார். வாயால் பேசமாட்டார். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து ஆயம்மாவே பேசிவிடுவதால் அவருக்கு மேளம்தான் மிஞ்சியிருந்தது. கூட்டத்தின் ஓரத்தில் குந்தி, மண்ணில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா சொன்னார். "சாவில்லாம சாவு மேளம் அடிச்சா, அந்த மேளம் ஒரு சாவத் தேடுமுங்க ஆயம்மா. நல்லதுக்கில்ல."

"தேடட்டுமே. என்னைய வச்சுக்குங்க. யாராச்சும் கேட்டா, ஆயம்மா செத்துருச்சுன்னு சொல்லுங்க."

அப்போது மட்டும் மேளக்கார மாமா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார்.

முதல் ஒத்திகை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. ஒத்திகை என்று எல்லோருக்கும் சொல்லித்தான் இருந்தது. ஆனாலும் மேளம் அப்படி விழுந்ததும் லயமே ஆயம்மா வீட்டு வாசலுக்கு ஓடிவந்துவிட்டது. கோயில் மேட்டை யாரும் நினைக்கவே இல்லை. கால் அவர்களைக் கேட்காமலே சாவு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது. வந்தவர்கள் சும்மா நிற்க முடியுமா? மேட்டு வீட்டுப் பாட்டி, எங்கள் தோட்டத்தில் ஒப்பாரிக்குப் பேர்போனவர், மாரில் அடித்துக்கொண்டு தொடங்கிவிட்டார்.

"மூணு அண்ணன் கூடப்பொறந்த
முத்தான தங்கச்சியே..."

ஆயம்மா வாசல்படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தலையைக்கூட ஆட்டினார். பிறகு கோப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஏது மூணு அண்ணன்? ரெண்டுதான். பாடுறது பாடுறீங்க, கணக்க ஒழுங்காப் பாடுங்க."

பாட்டிக்குக் கோபம். "ராகத்துக்கு மூணுதான்டி ஒத்து வரும்."

"ராகத்துக்காக எனக்கு அண்ணன் பொறப்பானா?"

சிரிப்பு அடங்க நேரமானது. பிறகு ஆயம்மா ஒரு விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டு எல்லோரையும் கோயில் மேட்டுக்கு விரட்டினார். மேலே போனதும் வீடு வீடாகக் கூப்பிட்டு எண்ணினார். தகப்பன் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. பிள்ளை மடுவத்துப் பழக்கத்தில், அந்தந்த வீட்டின் கடைசிப் பிள்ளையின் பெயர்தான் வீட்டின் பெயர். எங்கள் வீட்டில் நான் கடைசி, என்னைக் குட்டி என்பார்கள்.

"குட்டி வீடு?"

அப்பா பதில் சொல்லவில்லை. துரையிடமே காலைக் கீழே ஊன்றிப் பேசுகிற மனுஷன், குட்டி வீடு என்றால் எப்படி வாயைத் திறப்பார்? ஆயம்மா மறுபடியும் கூப்பிட்டார். அம்மா விலாவில் இடித்த பிறகு, "இருக்கோம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

ஆயம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அவர் வீட்டுக்கு அந்த வழியில் பெயர் வைக்க முடியாது. கடைசியாக, "மேளத்து வீடு?" என்று அவரே கேட்டு, மாமா மேளத்தோடு மேட்டில் ஏறி வந்து நின்றதைப் பார்த்துவிட்டு, "இருக்கோம்" என்று அவரே பதில் சொல்வார். அதோடு ஒத்திகை முடியும்.

அந்த இரண்டு அண்ணன்மாரைப் பற்றி ஒருநாள் தண்ணீர் விழுகிற பீலியில் துணி துவைக்கும்போது அம்மா கேட்டார். நானும் பக்கத்தில் வாளியோடு நின்றேன். ஆயம்மா பிறந்தது கேகாலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். துணியை அலசிக்கொண்டே, பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"காலையிலயே செவரு விரிஞ்சிருச்சு. எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் வாசல்ல நின்னுக்கிட்டு அடுத்த வீட்டப் பாக்குறாங்க. அவன் போனா நாம போவோம்னு இவன், இவன் போனா நாம போவோம்னு அவன். எங்க அண்ணனுங்க ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க, பொம்பளையாட்டம் பயந்து ஓடுறதான்னு. நான் தண்ணி எடுக்க பீலிக்குப் போயிருந்தேன். அதான் இப்ப ஒன்கூட நின்னு பேசிக்கிட்டு இருக்கேன்."

அம்மா கையில் இருந்த சோப்பைக் கல்லில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"மண்ணுக்கு முந்தி வெக்கம் கொன்னுருச்சு தங்கச்சி. யாராச்சும் ஒரு ஆளு வெக்கப்படாம மொதல்ல ஓடியிருந்தா மத்தவங்களும் ஓடியிருப்பாங்க. சாவு வீட்டுக்கு ஓடுறதுக்கு மட்டுந்தான் நம்ம ஆளுங்க வெக்கப்படுறதில்ல."

எனக்கு அன்றைக்கு ஆயம்மாவைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலிருந்தது. ஆனாலும் அடுத்த ஒத்திகையில், அவர் செத்த செய்தி கேட்டு ஒருத்தி பாதிச் சாயம் பூசிய தலையோடு ஓடிவந்தபோது, எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரிக்கத்தான் சிரித்தேன்.

ஒத்திகை பழகப் பழக ஆட்களுக்குச் சலிப்பு வந்தது. வீட்டுக்கு ஒருவர் போனால் போதும் என்று, சாவுக்கு ஆள் அனுப்புவதுபோல ஆளை அனுப்பினார்கள். ஆயம்மா அந்த ஆளைத் திருப்பி அனுப்பினார். "என் சாவுக்கு நீ பதிலா வர்ற, சரி. மண்ணுக்குள்ள போறதுக்கும் வீட்டுக்கு ஒரு ஆள்தான் போவீங்களா?" என்று கேட்டார். காலப்போக்கில் ஒரு மாற்றம் நடந்தது. மேளம் விழுந்தால் கால்கள் தானாகக் கோயில் மேட்டுப் பக்கம் திரும்பத் தொடங்கின. நிஜமாகவே யாராவது செத்தால் என்ன செய்வது என்று ஒருமுறை அம்மா கேட்டதற்கு, "அதுக்கு ஆளவிட்டுச் சொல்லிட்டு அப்பறம் அடிச்சாப் போச்சு" என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் நடந்தும் வந்தது.

பிறகு ஒரு வைகாசியில் மழை நிற்கவே இல்லை. மழை நாளில் பால் வெட்டு கிடையாது. மரம் நனைந்திருந்தால் பால் சிரட்டையில் விழாமல் பட்டையெல்லாம் ஓடும். அதனால் மலை இறங்கக்கூடிய நாட்களில்தான் லயத்தில் எல்லோரும் வீட்டில் படுத்துக் கிடப்பார்கள். இதைக் கடவுளின் ஏற்பாடு என்பதா, கம்பனியின் ஏற்பாடு என்பதா, எனக்குத் தெரியாது. ஆயம்மா மட்டும் குடையோடு பின்பக்கத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஒருநாள் மத்தியானம், மலையை வெட்டிய இடத்தில் எப்போதும் காய்ந்து கிடக்கிற மண்சுவரின் அடியில் சேற்றுத் தண்ணீர் கொப்பளிப்பதைப் பார்த்தார். மாமாவைக் கூப்பிட்டார்.

மேளம் விழுந்தது. பையை எடுத்தோம், ஓடினோம். ஒத்திகையா நிஜமா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மேட்டில் மழையில் நின்றுகொண்டு ஆயம்மா வீடு வீடாகக் கூப்பிட்டார். எங்கள் முறை வந்தது.

"குட்டி வீடு?"

"அவரு இன்னும் வரலக்கா" என்றார் அம்மா.

ஆயம்மா ஏசவில்லை. குடையை அம்மா கையில் கொடுத்துவிட்டு, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் சொருகிக்கொண்டு பாதையில் இறங்கினார். கொஞ்சத் தூரம் போயிருப்பார், அப்பா வளைவில் ஏறி வந்தார். சட்டைக்குள் கண்ணாடிச் சட்டம் துருத்திக்கொண்டிருந்தது. பெரிய தலைவரின் படம். ஆயம்மா அதைப் பார்த்தார். ஏறத்தாழத் தன் வயதுதான் அப்பாவுக்கு, என்றாலும் தலையில் கை வைத்து எண்ணினார். அப்பாவும் தலையைக் கொஞ்சம் குனிந்து கொடுத்தார்.

பிறகு நின்றோம். நின்றுகொண்டே இருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் குளிரில் நடுங்கினார்கள். ஒருத்தி அடுப்பில் பருப்பு இருக்கிறது என்றாள். "இன்னிக்கும் செத்துட்டுத்தான் உக்காந்திருக்கியா ஆயம்மா?" என்று யாரோ கேட்டார்கள். சிலர் இறங்கப் பார்த்தபோது ஆயம்மா பாதையை மறித்துக்கொண்டு குந்திவிட்டார். அப்படிக் குந்தியிருக்கும்போதுதான் லாரியிலிருந்து கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மலை இறங்கி வந்து பின்வரிசைக் குசினிகளை எடுத்துக்கொண்டு, நடுச்சுவரில் சாய்ந்து நின்றது. எங்கள் குசினியும், அந்தப் பருப்பும் அதற்குள் போயின.

யாரும் சாகவில்லை. ஒரு கோழிகூடச் சாகவில்லை என்று சொல்லலாம். எங்களுடைய துரதிர்ஷ்டம் அங்கேதான் தொடங்கியது.

அதே மழையில் வேறு இடங்களில் மனிதர்கள் மண்ணுக்குள் போனார்கள். லாரிகள் எல்லாம் அங்கே போயின. படம் பிடிப்பவர்களும், மாலையும் கோட்டும் போட்டவர்களும் அங்கே போனார்கள். எங்களிடம் கிராம சேவகர் மட்டும் வந்தார், சிங்கள மனுஷன், நல்லவர். முதல் கேள்வியே, "மெருணு அய இன்னவத?" செத்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார்.

ஆயம்மா நிமிர்ந்து நின்று சொன்னார். "நே மாத்தயா, ஒக்கோம இன்னவா." இல்லை ஐயா, எல்லோரும் இருக்கிறோம். ஏதோ பரீட்சையில் தேறியவர்போல முகம் மலர்ந்திருந்தது.

அவரும் சந்தோஷப்பட்டார். தலையை ஆட்டினார், போனார். எங்களுக்குக் கூரைக்குப் போடத் தறப்பாளும் கொஞ்சம் அரிசியும் வந்தன. ஆள் செத்த தோட்டத்தில் புதிய வீடுகளுக்கு அடிக்கல் நாட்டியதாகக் கேள்விப்பட்டோம். எங்கள் மண்ணை நாங்களே அள்ளி, அதே இடத்தில், அதே மலைக்குக் கீழே, பழைய தகரத்தை நிமிர்த்திக் குசினி கட்டினோம். படத்தில் இருந்த பெரிய தலைவர் தோண்ட வரவில்லை.

கோயில் முன்னால் மறுபடியும் கூட்டம் போட்டார்கள். அப்பா அலைந்து அலைந்து வெறுத்துப்போயிருந்தார். அந்த வெறுப்பில் வாயில் வரக்கூடாதது வந்துவிட்டது.

"ஒரே ஒரு ஆளு போயிருந்தாலும் இன்னிக்கு நமக்கு வீடு கெடச்சிருக்கும்."

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். தலையாட்டியவர்கள் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆயம்மா எழும்பினார். குரலை உயர்த்தவில்லை. "சரிங்க தலைவரே. அடுத்த தடவ யார விட்டுட்டு வரட்டும்? நீங்களே சொல்லுங்க. குட்டியையா?"

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு எழும்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்காகப் பேச்சு நின்றுவிடவில்லை. பீலியில் சில பெண்கள் ஆயம்மா வந்தால் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். காப்பாற்றியவரை மன்னிக்க ஆட்களுக்குக் கொஞ்சக் காலம் பிடித்தது. அவருக்கு அது வலித்தது, எனக்குத் தெரியும். அந்த வருஷம் மீதி மழைக்கெல்லாம் அவர் சாகவே இல்லை. ஆணிகளில் பைகள் தொங்கின, பார்க்க வரவில்லை. அடுத்த வருஷம் மழை தொடங்கியபோது அப்பாதான் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். "என்னாங்க ஆயம்மா, இந்த வருசம் சாவலீங்களா?" என்று கேட்டார். மறுநாளே செத்தார்.

அப்படியே பல மழைக்காலம் போய், யுத்தம் முடிந்த வருஷம் வந்தது. நான் தோட்டத்துப் பாடசாலையில் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன், ஆனாலும் எங்கள் வீடு குட்டி வீடுதான். டவுனில் பட்டாசு கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள், கொடி கட்டிய வான்கள் சத்தம்போட்டுக்கொண்டு ஓடின. எங்கள் லயத்தில் கதவுகளைச் சாத்திக்கொண்டு இருந்தோம். யாரும் எங்களை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் பட்டாசு வெடிக்கும்போதெல்லாம் கண் ஆணிப் பக்கம் போய் வந்தது. மழையும் விடாமல் பெய்தது.

அப்படி ஒருநாள் காலையில், விடிந்து கொஞ்ச நேரத்தில், மேளம் விழுந்தது.

மலையா, ஆட்களா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பையை எடுத்தோம். பிள்ளைகளைத் தூக்கினோம். மேட்டு வீட்டுப் பாட்டியை அவர் உட்கார்ந்த கதிரையோடு இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். மழைச் சேற்றில் வழுக்கி வழுக்கி எல்லோரும் கோயில் மேட்டில் ஏறி நின்றபோது, ஆயம்மா மட்டும் அங்கே இல்லை.

"கீழ யாரையாச்சும் இழுத்துக்கிட்டு வருவாங்க" என்றார் அப்பா. "அதுக்குள்ளாற நம்ம எண்ணிருவோம்."

அப்பாவுக்கு இப்போது தலை நரைத்திருந்தது, தலைவர் பதவியும் வேறொருவருக்குப் போயிருந்தது. குடைக்குள் நின்றுகொண்டு வீடு வீடாகக் கூப்பிட்டார். எல்லா வீட்டின் கடைசிப் பிள்ளையின் பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது, போன மாதம் பிறந்த பிள்ளையின் பெயர் உட்பட. ஒவ்வொரு வீடும் "இருக்கோம்" என்றது. "குட்டி வீடு?" என்று அவரே கேட்டு, எங்களைத் திரும்பிப் பார்த்து, "இருக்கோம்" என்றார்.

பிறகு, "மேளத்து வீடு?" என்றார்.

பதில் இல்லை. கீழே மேளம் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் மேலே ஏறியதும் மாமா அடிப்பதை நிறுத்திவிட்டு வருவதுதான் வழக்கம். அப்பா இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். "மேளத்து வீடு?"

அம்மாதான் முதலில் பையைக் கீழே போட்டார். "ஐயோ, அக்கா" என்று கத்திக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினார். அவருக்குப் பின்னால் லயமே இறங்கியது.

ஆயம்மா பாயில் படுத்திருந்தார். காலையில் தேத்தண்ணிக்கு எழும்பவில்லையாம். கதவுக்குப் பின்னால் ஆணியில் பை தொங்கியது. மாமா வாசலில், மழையில், மேளத்தை மார்போடு பிடித்து அடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை நிறுத்தினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"ஆள விட்டுச் சொல்லணும்னு எனக்குத் தோணல. மேளத்ததான் எடுத்தேன். அடிச்சேன், நீங்க எல்லாம் மேல போறீங்க. சரி, எண்ணி முடிச்சுட்டு வருவீங்கன்னு நின்னேன்."

அப்பா வாசல்படியில் உட்கார்ந்தார், எங்கே ஆயம்மா தன் சாவுகளுக்கு உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பாரோ அங்கே. பாட்டியைக் கதிரையோடு உள்ளே இறக்கினார்கள். பாட்டி பாயின் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்து, தலைமயிரை அவிழ்த்துக்கொண்டு தொடங்கினார்.

"மூணு அண்ணன் கூடப்பொறந்த
முத்தான தங்கச்சியே..."

"ரெண்டு!" என்று அப்பா வாசலிலிருந்து கத்தினார். "ரெண்டு அண்ணன்தான் அவங்களுக்கு. ஒழுங்காப் பாடுங்க."

பாட்டி மூக்கைச் சிந்தினார், அப்பாவை ஒருமுறை பார்த்தார், பிறகு ராகத்தைக் கொஞ்சம் வளைத்து, இரண்டு என்று மாற்றி, முதலிலிருந்து பாடினார்.